பூப்படத்துக்குப் பதிலாக ஒரு முகம்

1

போன வருஷம் சித்திரையில் ஊட்டி வாழ்த்து அட்டைக் கடை முதலாளி எங்கள் வீட்டுக்காரரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "ராமையா, பூ போதும்யா. டேலியா, ரோஜா, லில்லின்னு எத்தனை வருஷம்தான் போடுறது? சனங்களுக்குச் சலிச்சுப் போச்சு. குழந்தை படம் எடு, நாய்க்குட்டி எடு, அருவி எடு. வேற ஏதாச்சும் எடுத்துட்டு வா."

இவர் சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தவர், ஒரு வாரம் கேமராவைத் தொடவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டு நாய்க்குட்டியை வைத்து எடுத்தார். கழுவிப் பார்த்தால் வாலும் பாதி முதுகும் விழுந்திருந்தது. அருவியை எடுக்கப் போனார். பனி இறங்கி, படம் முழுக்கப் பால் கொட்டின மாதிரி வெள்ளை.

"பூன்னா நிக்கிற எடத்துலயே நிக்கும் புள்ள" என்றார்.

"அப்ப பூவையே உலை வைக்கச் சொல்லுங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஸ்பிரிங்வெளியில் என்னோடு இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

நான் வள்ளியம்மை. இலங்கையில் பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவள். கொழுந்து பறிக்கப் போகும் பொம்பளைகள் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இப்போது நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம் இருக்கிறோம். இந்தியாவுக்குப் போனவர்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதச் சொல்லி உங்கள் பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். எழுதுகிறேன். ஆனால் எனக்கு ஒரு காரியமும் இருக்கிறது. ஸ்பிரிங்வெளி லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா வீட்டில் இருந்த லெட்சுமியைக் கண்டுபிடிக்க வேண்டும். அவளுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. போவதற்குள் அவள் கண்ணில் ஒரு படத்தைக் காட்ட வேண்டும்.

2

முதலில் ஆசிரியர் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே தேயிலைதான், அங்கேயும் தேயிலைதான். குளிரும் அப்புத்தளைக் குளிர் மாதிரியேதான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே சிலோன்காரன் என்கிறார்கள். வந்த புதிதில் மேட்டுப்பாளையத்தில் நின்று "கோச்சி எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டேன். அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தான். ரயிலைத்தான் கோச்சி என்கிறேன் என்று விளக்குவதற்குள் ரயிலே போய்விட்டது. கடையில் சோப்பைச் சவுக்காரம் என்று கேட்டால் சிரிப்பு. பேசுவது தமிழ், கேட்பது தமிழ், நடுவில் மட்டும் யாரோ வேலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆபீஸ்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரேஷன் கார்டுக்குப் போனால் அகதியா, தாயகம் திரும்பினவரா என்பார்கள். தாயகம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், திரும்பி வந்த எங்களிடம் அதற்குச் சாட்சி கேட்கிறார்கள். மண்டபம் முகாமில் கொடுத்த காகிதம், குடும்பப் பாஸ்போட், தோட்டத்துத் துண்டுச் சீட்டு, எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு இன்னும் தூக்கிக்கொண்டு அலைகிறேன். ஒரு கிளார்க் அந்தப் பாஸ்போட்டில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல அளவான குடும்பம்மா, ஆணு ஒண்ணு பொண்ணு ஒண்ணு" என்றார். பாஸ்போட்டை வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டேன்.

மகன் மூர்த்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வந்தால் ஒரு நாள் இருப்பான். "அம்மா, அங்கிட்டு யாருகிட்டயும் சிலோன்னு சொல்லிக்காதீங்க, பொண்ணு குடுக்க யோசிப்பாங்க" என்கிறான். சிலோனில் பிறந்தவன், சிலோன் மண்ணில் நடை பழகினவன்.

மகள் தங்கம் இங்கேயே டைப்ரைட்டிங் படிக்கிறாள். அவளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை முழுவதும். அவள் நான் பெற்ற பிள்ளை இல்லை. லெட்சுமியின் மகள்.

3

எங்கள் வீட்டுக்காரர் முதலில் பெரிய துரை பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். தொரைசாணிக்குப் பூ என்றால் உயிர். பூத்த பூவையெல்லாம் படம் எடுத்துச் சீமையில் இருக்கும் அக்காவுக்கு அனுப்புவாள். கேமராவைத் தூக்கிப் பிடிக்க இவரைக் கூப்பிட்டவள், பிறகு எடுக்கவே கற்றுக்கொடுத்துவிட்டாள். ஊருக்குப் போகும்போது அந்தக் கேமராவை இவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். மேலே இருந்து குனிந்து பார்க்கிற பெட்டிக் கேமரா. இப்போதும் அதுதான்.

இவர் பூ எடுக்கும் சங்கதி பதுளை பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த காசிம் நானா காதுக்குப் போயிற்று. அப்போது இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, இந்தியாவுக்கு மனுப் போடுகிற கூட்டம் நானா கடை வாசலில் கோயில் தேர்த் திருவிழா மாதிரி நின்றது. எல்லாருக்கும் குடும்பப் படம் வேண்டும். "பூவைப் பொறுமையா எடுக்கிறவன் மனுசனையும் எடுப்பான், வாப்பா" என்று நானா இவரை ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டுக்கொண்டார்.

அப்படித்தான் இவர் பூவிலிருந்து முகத்துக்கு வந்தார். எத்தனை முகம்! பல்லு விளக்காமல் முதல் பஸ்ஸில் வந்த முகம், இரவல் கோட்டுப் போட்ட முகம், கைக்குழந்தை வாயில் பால் ஒழுகும் முகம். எடுத்த படங்களோடு அவர்கள் கண்டியில் இருந்த இந்திய ஆபீசுக்குப் போனார்கள், கண்டியிலிருந்து கப்பலேறத் தலைமன்னாருக்குப் போனார்கள். ஒரு நாள் இவர் வீட்டுக்கு வந்து, "நான் குனிஞ்சு பாத்த சனமெல்லாம் ஒண்ணொண்ணா போகுது புள்ள. என் பார்வை ஆகாத பார்வையோ?" என்றார். பைத்தியக்காரப் பேச்சு என்று திட்டினேன்.

பிறகு எங்கள் முறை வந்தது. நானும் இவரும் மூர்த்தியும் பதுளைக்குப் புறப்பட்டோம். ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க லெட்சுமியும் கூடவே வந்தாள், இடுப்பில் தங்கம். நானா எங்களை நிற்க வைத்து கேமராவைச் சரி பண்ணினார். லெட்சுமி ஓடி வந்தாள்.

"நானா, நிறுத்துங்க! மூணு பேரா நிக்கிறாக, மூணு பேரா எடுத்தா நடுவுல நிக்கிற ஆளுக்கு ஆகாதுல்ல. நடுவுல புள்ள நிக்கிறான்."

"அதுக்கு என்னம்மா செய்யச் சொல்ற?" என்றார் நானா.

"இவளை வச்சுக்கங்க அக்கா. தலை கணக்குக்கு நாலாயிரும்." தங்கத்தை என் இடுப்பில் ஏற்றிவிட்டு, அதன் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். என் மகனுக்கு ஒன்றும் ஆகக் கூடாதே என்று செய்தாள். அதில் வேறு ஒன்றும் இல்லை. எங்கள் லயத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மனு எழுதுகிறவர் பஜார் முனையில் உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்தார், நாலு தலை இருந்தது, நாலு பேர் என்று எழுத ஆரம்பித்தார். நானும் இவரும் பிறப்புத் துண்டுச் சீட்டு எங்கே என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். "பாப்பா, உன் பேர் என்ன?" என்று அவர் கேட்டிருக்கிறார். அது தெளிவாக "தங்கம்" என்று சொல்லியிருக்கிறது. காகிதம் கண்டிக்குப் போய்விட்டது.

தெரிந்த பிறகு இவர் கண்டிக்கு ஓடினார். மாற்ற வேண்டுமானால் முதலிலிருந்து மனுப் போட வேண்டும், புதுப் படம் வேண்டும், வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும் என்றார்கள். போகிற நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். லெட்சுமி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "என் மகளுக்கு ரெண்டு நாடு, எனக்கு ஒண்ணுகூட இல்ல" என்பாள். அவளும் புருஷன் முனியாண்டியும் இலங்கைப் பிரஜா உரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

4

பிறகு அந்தப் பஞ்சம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரிசி இல்லை, கோதுமை மா இல்லை, தோட்டத்தில் வேலை பாதி. மரவள்ளிக்கிழங்கும் கிடைக்காமல் வாழைக்கிழங்கைத் தோண்டித் தின்றோம். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் அழுவதுகூட நின்றுபோயிருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. லெட்சுமியின் கைக்குழந்தை அந்த மழைக்காலத்தில் செத்துப்போனது. தொட்டில் சீலையையே சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

எங்கள் பாஸ்போட் வந்தது அந்தச் சமயத்தில்தான். நாலு பேர், ஒரு படம்.

லெட்சுமி வந்து எங்கள் அடுப்பங்கரையில் உட்கார்ந்தாள். பிறகு, "அக்கா, காகிதத்துல தங்கம் ஒங்க புள்ளதானே?" என்றாள்.

"விளையாடாதடி."

"விளையாடல. ஒண்ணைப் புதைச்சுட்டேன். இவ தம்பி சின்னவன் இன்னும் என் முந்தானையை விடல, அவனை விட முடியாது. இவ ஒங்ககிட்டப் பழகுன புள்ள. கூட்டிட்டுப் போங்க. அங்கிட்டுச் சோறு இருக்குமாமுல்ல."

"நாளைக்கு நீ கேட்டா நான் எப்படிடி கொண்டாந்து குடுப்பேன்? நடுவுல கடல் இருக்கு."

"கேக்கமாட்டேன்" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

பதுளை ஸ்டேஷனில் அன்றைக்கு எத்தனை ஒப்பாரி. கோச்சி நகரும் நேரம் லெட்சுமி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். "அவ மொகத்தைப் படம் எடுத்து அனுப்பிடாதீங்க அக்கா. பாத்தா நான் தாங்கமாட்டேன். எனக்குப் படிக்கவும் தெரியாது. அவ நல்லா இருந்தா, அண்ணன்கிட்டச் சொல்லி ஒரு பூப்படம் அனுப்பச் சொல்லுங்க. நானா கடைக்கு அனுப்புங்க. பூ வந்தா நான் புரிஞ்சுக்குவேன்."

தங்கம் எட்டு வயதுப் பிள்ளை. எல்லாம் புரிந்த வயது. அப்புத்தளை தாண்டுகிற வரைக்கும் "அம்மா அடுத்த ஸ்டேஷன்ல ஏறுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு கேட்கவில்லை. கப்பலில் இவர் கேமராவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இனி மொகம் எடுக்கமாட்டேன்" என்றார்.

5

தீபாவளிக்கு ஒரு பூ, பொங்கலுக்கு ஒரு பூ. ஊட்டி பூங்காவில் எடுத்தது, ரோட்டோரத்தில் பூத்தது, எங்கள் வாசல் டேலியா. எதுவாக இருந்தாலும் இவர் பார்த்துப் பார்த்து எடுப்பார். பிலிம் வாங்கக் காசில்லாமல் என் தோட்டை அடகு வைத்தும் எடுத்திருக்கிறார். அப்படி எடுத்ததில் மிஞ்சினதைத்தான் அட்டைக் கடைக்குக் கொடுக்க ஆரம்பித்தார். ஊருக்கு அவர் பூப்படக்காரர். அந்தப் பூக்கள் யாருக்காக என்று அட்டை வாங்கினவர்களுக்கு என்ன தெரியும்?

ஒரு தீபாவளிக்குத் தங்கம் டைபாய்டில் கிடந்தாள். கண் செருகிக் கிடக்கிறாள். நான் சொன்னேன், அங்கே காத்துக்கொண்டிருப்பாள், பழைய படம் ஒன்றையாவது அனுப்பிவையுங்கள் என்று. இவர் கேட்கவில்லை. "புள்ள எந்திரிக்காம பூ போகாது. அவளை ஏமாத்தமாட்டேன்." தங்கம் எழுந்து கஞ்சி குடித்த அன்றைக்கு வாசலுக்கு ஓடி ஒரு செவ்வந்தியை எடுத்தார். பிறகு நானா எழுதியிருந்தார், அந்த நாட்களில் லெட்சுமி ஞாயிறு தவறாமல் கடைக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டுப் போவாளாம். செவ்வந்தி வந்தபோது அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு கடையிலேயே குலுங்கி அழுதாளாம்.

தங்கத்துக்கு இந்தப் பூ விஷயம் தெரியும். ஒரு தடவை கூட "அம்மாவுக்கா?" என்று கேட்டதில்லை. என்னைத்தான் அம்மா என்பாள். லெட்சுமி பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். தோட்டத்துப் பேச்சையும் மறந்துவிட்டாள், லயம் என்று நான் சொன்னால் "லைன் வீடும்மா" என்று திருத்துவாள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது. என்னோடு இருக்கிறாளே என்று.

6

அட்டைக் கடைக்காரர் பூ போதும் என்று சொன்ன அதே வாரம் நானாவின் கடிதம் வந்தது. "லெட்சுமிக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்துகொண்டு வருகிறது. ஆஸ்பத்திரியில் காட்டினோம், நாள் கடத்திவிட்டாள் என்கிறார்கள். இனிப் பூப்படம் வேண்டாமாம். பார்வை இருக்கும்போதே மகளின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். கேட்கமாட்டேன் என்று சொன்னதை மன்னிக்கச் சொன்னாள்."

நான் வாசித்தேன். இவர் கேமராவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கம் எழுந்து நின்றாள்.

"மொகமா? இத்தனை வருஷம் வேண்டாம்னு இருந்தாங்கல்ல? தம்பியை வச்சுக்கிட்டாங்க. என்னைத்தானே குடுத்தாங்க. ஒரு போட்டோவுல நின்னேங்கிறதுக்காக என்னைக் குடுத்துட்டாங்க. என் மொகம் என்னத்துக்கு இப்ப?"

"அப்படிப் பேசாத சாமி, அவ பசியில..."

"உங்க வீட்டுலயும் பசிதானே? நீங்க மூர்த்தியைக் குடுத்தீங்களா?"

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன். அன்றைக்கு எழுந்து உலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

இவர் அவளை வற்புறுத்தவும் இல்லை. அவருக்கும் பயம். எனக்கும் பயம்தான், அந்தக் கண்ணாடி வழியாக இவர் பார்த்தவர்கள் போய்விடுவார்கள் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். படம் போய், அது தாயைத் தொட்டு, இவளும் எழுந்து போய்விட்டால்? இப்படியே ஆனி மாதம் வந்துவிட்டது.

அப்போது நானாவிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஒரு படம். லெட்சுமி, முனியாண்டி, நடுவில் வளர்ந்துவிட்ட அந்தச் சின்னவன். லெட்சுமி கன்னம் ஒட்டிப் போயிருந்தாள், கண் கேமரா இருக்கும் பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தது. கையில் எதையோ நெஞ்சுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்திருந்தாள்.

நானா எழுதியிருந்தார்: "மகள் முகம் வரக் காணோம், அவளாவது எங்கள் முகத்தைப் பார்க்கட்டும் என்று வந்தார்கள். நான் கேமராவை வைத்தேன். மூணு பேரா எடுக்காதீங்க நானா என்று நிறுத்திவிட்டாள். வாசலில் நின்ற பிள்ளை ஒன்றைக் கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம், இரவல் பிள்ளை வேண்டாம், எங்கள் வீட்டில் நாலு பேர்தான் என்று சொல்லி, பையிலிருந்து இதை எடுத்துப் பிடித்துக்கொண்டாள்."

அவள் பிடித்திருந்தது நாங்கள் முதல் தீபாவளிக்கு அனுப்பிய டேலியா. ஓரமெல்லாம் மடிந்து, தொட்டுத் தொட்டு நடுவில் வெளுத்துப் போயிருந்தது.

தங்கம் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். நான் எட்டிப் பார்க்கவில்லை, அவளுக்குப் பிடிக்காது. காலையில் தலை சீவி, நீலத் தாவணி போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "அப்பா, வெளிச்சம் நல்லா இருக்கு. எடுங்க."

தேயிலைக்கு நடுவே நிற்க வைத்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி குனிந்தார். "அசையாம நில்லு சாமி, பூவாட்டம்."

"நான் பூ இல்லப்பா" என்றாள்.

எடுத்தார். கப்பலில் சொன்ன பிறகு அவர் எடுத்த முதல் முகம்.

7

ஆடி பிறந்ததும் அனுப்பினோம். பதுளை கடைத்தெருவில் அந்த ஜூலைக் கடைசிக் கலவரத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும், நான் எழுதுவது சரியில்லை. மாதங்கள் கழித்து உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. தோட்டத்து விலாசத்துக்கு அனுப்பியதும் வந்துவிட்டது, அந்தப் பேரில் ஆள் இல்லை என்று. நானாவிடமிருந்தும் ஒரு வரி இல்லை. நேரில் போய்த் தேடத் தங்கம் பாஸ்போட்டுக்கு அலைந்துகொண்டிருக்கிறாள். பிறந்த ஊர் பதுளை என்பதால் அதற்கும் ஆயிரம் கேள்வி. இப்போது கப்பலும் நின்றுவிட்டது என்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் பூ எடுப்பதை விட்டுவிட்டார். அட்டைக் கடைக்கு இப்போது குழந்தைகள் படம் கொடுக்கிறார். நன்றாகவே வருகிறதாம்.

படத்தை இந்தக் கட்டுரையோடு அனுப்பியிருக்கிறேன், ஆசிரியர் போடுவதாகச் சொன்னார். ஸ்பிரிங்வெளிப் பக்கம் இருப்பவர்கள், அங்கிருந்து வேறு எங்கேயாவது போனவர்கள், முனியாண்டி பெண்சாதி லெட்சுமியைப் பார்த்தால் இதை அவளிடம் காட்டுங்கள். பார்வை போயிருந்தால், கீழே இருப்பதை மட்டும் சத்தமாக வாசித்துவிடுங்கள்.

லெட்சுமி, வள்ளி அக்கா பேசுறேன். கேட்டுக்க. ஒன் மக ஒசரமா இருக்கா, என்னையவிட ஒசரம், முனியாண்டி வாகு. நெத்தி ஒன் நெத்திதான். இடது புருவத்துல அந்தத் தழும்பு இன்னும் இருக்கு, பிள்ளைக்காம்பரா வாசப்படியில விழுந்தாளே, அது. கன்னத்துல சதை இருக்கு, பட்டினி போடல. நீலத் தாவணி போட்டிருக்கா. சிரிக்கல. கோவம் இன்னும் கொஞ்சம் இருக்கு, அது ஒன்கிட்ட வந்துதான் தீரணும். கையில ஒங்க படத்தை நெஞ்சுக்கு நேரா புடிச்சிருக்கா. அதுல நீங்க மூணு பேரு, இவளோட நாலு. நீ புடிச்சிருக்கியே அந்தப் பூ, அதை இனிமே கீழ எறக்கி வச்சிரு.